குடிதண்ணீர்க் குழாயில் ஒரு வெள்ளைத் துணி

"தண்ணி ஒத்துக்கல" என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு இன்றும் சுர்ரென்று கோபம் வரும். குழந்தைக்கு வயிறு சரியில்லையா, ஊர்த் தண்ணி ஒத்துக்கல. மாப்பிள்ளைக்கு முடி கொட்டுகிறதா, ஊர்த் தண்ணி ஒத்துக்கல. மருமகள் இளைத்துப் போனாளா, அதற்கும் அதே பதில். சொன்னவர் பெரிய காரியத்தை முடித்துவிட்டவர் போல எழுந்து போய்விடுவார். எந்தத் தண்ணீர், எந்த வழியாக வந்தது, எதில் பிடித்தது, யார் கை வைத்தது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். நான் கேட்டேன். கேட்டதற்குப் பிடிவாதக்காரி என்று பேர் வாங்கிக்கொண்டேன். அந்தப் பேரால் எனக்கு ஒரு குறையும் வரவில்லை.

எனக்குக் கல்யாணமானது ஐம்பதுகளின் கடைசியில். புகுந்த வீடு விழுப்புரம். மாமனார் மாமியார் இல்லாத வீடு. என் கணவரின் அக்காதான் எல்லாம். அவருக்கும் அவர் கணவருக்கும் குழந்தை கிடையாது. எனக்குப் பெண் பிறந்ததும் குளிப்பாட்டியது, மருந்து உரைத்து ஊற்றியது, நடக்கப் பழக்கியது எல்லாம் என் நாத்தனார்தான். நான் பெற்றதோடு சரி என்று தெருவில் கேலி பேசுவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு, நன்றியும் உண்டு. இரண்டும் ஒரே மனசில் இருக்க முடியும் என்று அந்த வீட்டில்தான் தெரிந்துகொண்டேன்.

குழந்தை ஓடித் திரிகிற வயதில் என் கணவருக்குத் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், கணக்குப்பிள்ளை வேலை கிடைத்தது. தனிக்குடித்தனம். நாத்தனார் ரயிலடி வரை வந்து, குழந்தையை என் கையில் கொடுக்கிற மாதிரி கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டு, வண்டி ஊதுகிற வரைக்கும் தன் இடுப்பிலேயே வைத்திருந்தார்.

திண்டிவனத்து வீடு புது வீடு. வல்லம் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம் கட்டியது. வீட்டுக்கார அய்யா பாதி நாள் நிலத்தோடு இருப்பார். வீட்டை ஆண்டவர் வீட்டுக்கார அம்மாதான். நடு வாசலைச் சுற்றி மூன்று குடித்தனம். ஒன்றில் அந்த அம்மா, ஒன்றில் நாங்கள், மற்றதில் கோட்டக்குப்பத்திலிருந்து வந்து ஜவுளிக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு அம்மாவை, அக்கா என்பதற்கு அவர்கள் சொல்கிறபடி, நானும் லாத்தா என்றே கூப்பிட்டேன்.

அந்த வீட்டின் பெருமை அதன் பாத்ரூம். என் பிறந்த வீட்டில் கிணற்றடியில் தென்னங்கீற்றுத் தட்டிக்குப் பின்னால் குளித்து வளர்ந்தவள் நான். இங்கே சிமெண்ட் தரை, சிமெண்ட் தொட்டி, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற பித்தளைக் குழாய். போன அன்றைக்கே அந்தக் குழாயைத் திருகித் திருகிப் பார்த்தேன். அப்போது தண்ணீர் வருகிற நேரமில்லை என்பது வேறு விஷயம். நகராட்சித் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் வரும். அதனால் பாத்ரூம் குழாயை மூடவே மாட்டார்கள். வருகிற நேரத்தில் வந்து தானாகத் தொட்டியில் நிறையட்டும் என்று திறந்தபடியே இருக்கும்.

குடிக்கிற தண்ணீருக்கு வாசலில் தனிக் குழாய். அதன் வாயில் வீட்டுக்கார அம்மா வெள்ளைத் துணி கட்டியிருப்பார், தூசி தும்பு வடிய. வெள்ளிக்கிழமை தோறும் துணி மாற்றுவார். வேறு யாரும் அந்தத் துணியைத் தொடக்கூடாது. பிடித்து முடித்ததும் குழாயை இறுக்கி மூடிவிட வேண்டும். சுத்தத்தில் அந்த அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. குளிக்கிற தண்ணீர்ச் சொம்பு குடிக்கிற தண்ணீர்க் குடத்தின் பக்கம் வந்தால் வீடு இரண்டுபடும்.

பாத்ரூம் குழாயில் ஒரு ரப்பர் டியூப் மாட்டியிருந்தது. சிவப்பு டியூப், நல்ல நீளம். பாண்டிச்சேரியிலிருந்து வாங்கி வந்ததாம். தொட்டிக்கும், வெந்நீர் அண்டாவுக்கும், துணி வாளிக்கும் அதைத்தான் இழுத்து இழுத்து விடுவோம். அதற்கும் ஒரு சட்டம் உண்டு: டியூப் முனை தரையில் படக்கூடாது. கொல்லையில் ஆள் வந்து அள்ளிப்போகிற எடுப்புக் கக்கூஸ். அங்கே போய் வருகிறவர்கள் கால் வைக்கிற தரை அது. அதில் பட்ட டியூப் எப்படித் தொட்டிக்குள் போகலாம்? நியாயமான பேச்சு. ஆகவே வேலை முடிந்ததும் டியூப் முனையைத் தொட்டித் தண்ணீருக்குள் போட்டுவிட வேண்டும், அல்லது நிறைகிற வாளிக்குள் விட்டுவிட வேண்டும். எல்லோரும் அப்படித்தான் செய்தோம். கொல்லைக்குப் போய் வந்தவர்கள் கைகால் கழுவ அதே தொட்டியில்தான் சொம்பை விட்டு மொள்வார்கள். குழந்தைகளின் துணி அலசுவதும் அதே தண்ணீரில்தான். அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை, ஏனென்றால் அது குளிக்கிற தண்ணீர். குடிக்கிற தண்ணீர் வாசலில் தனியாக வருகிறது.

நாங்கள் குடிவந்த மாதமே குழந்தைக்கு வயிற்றுப்போக்கு பிடித்தது. பல் முளைக்கிறது என்றார்கள். கண் உள்ளே போய், உதடு காய்ந்து, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் தெம்பில்லாமல் கிடந்தாள். டாக்டர் மருந்து கொடுத்தார், தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கச் சொன்னார். பயத்தில் விழுப்புரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே நாத்தனார் கையில் ஒரு வாரத்தில் தேறிவிட்டாள். திரும்பி வந்தோம். மறுபடியும் அதே. மறுபடியும் விழுப்புரம், மறுபடியும் தேறினாள். மூன்றாம் தடவை நாத்தனாரே புறப்பட்டு வந்துவிட்டார். கையில் ஒரு கூஜா. அதில் விழுப்புரத்துக் கிணற்றுத் தண்ணீர், குழந்தைக்கும் தனக்கும். எங்கள் வீட்டுத் தண்ணீரில் அவர் கை கழுவியதோடு சரி, வாய்கூடக் கொப்பளிக்கவில்லை.

அன்றைக்கு அவர் தம்பியிடம் பேசியதை நான் அடுப்பங்கரையிலிருந்து கேட்டேன். இந்த ஊர்த் தண்ணீர் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது வரை என்னிடம் இருக்கட்டும், நீங்கள் வேண்டும்போது வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். அதட்டிச் சொல்லவில்லை, கெஞ்சித்தான் சொன்னார். என் கணவர் உடனே தலையாட்டிவிட்டார். ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் வந்து அழைத்துப் போவதாகப் பேச்சு முடிந்தது. என்னை யாரும் கேட்கவில்லை.

நாத்தனார் கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் கையில் குழந்தை பிழைக்கிறது, என் கையில் சாகக் கிடக்கிறது. இதில் நான் என்னவென்று வாதாடுவது?  அவளை அனுப்பிவிட்டால் திரும்பி வரும்போது என்னை அத்தை என்றும் அவரை அம்மா என்றும் கூப்பிடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஆவணிக்குள் இந்த வீட்டில் எது என் பிள்ளையைப் படுத்துகிறது என்று கண்டுபிடித்தே தீருவது என்று முடிவு கட்டினேன்.

முதலில் ஊர்த் தண்ணீர்தான் கோளாறா என்று பார்த்தேன். எதிர்வீட்டில் சின்னப் பிள்ளைகள் நிறைய. அதே தெருக் குழாயிலிருந்து வருகிற தண்ணீர்தான். அந்தப் பிள்ளைகள் புழுதியில் புரண்டு, கிடைத்ததைத் தின்று, கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள். ஊர்த் தண்ணீர் அவர்களுக்கு மட்டும் எப்படி ஒத்துக்கொண்டது? அப்புறம்தான் எங்கள் வீட்டைக் கவனித்தேன். லாத்தாவின் கடைசிப் பையனுக்கும் அடிக்கடி வயிறு போகும். வீட்டுக்கார அம்மாவே மாதத்தில் பல நாள் ஓம வாட்டர் குடித்துக்கொண்டிருப்பார். பெரியவர்களுக்கு வயிற்று வலியோடு போய்விடுகிறது. என் மகளுக்கு உயிர் போகிற மாதிரி வருகிறது. ஆகக் கோளாறு ஊரில் இல்லை, இந்த நாலு சுவருக்குள் இருக்கிறது.

குடத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். மூடி மாற்றினேன். பால்காரரைக் கண்ணெதிரே கறக்கவைத்தேன். தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினேன். என் வீட்டில் காய்ச்சி என்ன பிரயோசனம்? நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு மூன்று குடித்தனமும் தன் வீடுதான். லாத்தா வீட்டில் ஒரு வாய், வீட்டுக்கார அம்மாவிடம் ஒரு வாய் என்று வாங்கிக் குடித்துவிட்டு வருவாள். கட்டிப் போட்டா வளர்க்க முடியும்? அவள் பிழைக்க வேண்டுமானால் வீடு முழுவதற்கும் தண்ணீர் நன்றாக இருக்க வேண்டும். அது ஒன்று தெளிவாகிவிட்டது.

வழி காட்டியது ஒரு சண்டை. லாத்தாவின் கணவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை தவிர வேறு உடுத்தமாட்டார். ஒரு நாள் சாயங்காலம் லாத்தா பெரிய வாளியில் நீலம் கரைத்து, இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிறையட்டும் என்று டியூப் முனையை வாளிக்குள் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். தன் கடைசிப் பையனைத் தூங்கப் போட்டுவிட்டு வேட்டியோடு வந்து பார்த்தால் வாளியில் பாதிதான் இருக்கிறது. குழாயில் தண்ணீர் நின்று போயிருந்தது. என் நீலத் தண்ணீரை யார் எடுத்தது என்று வாசலில் நின்று கேட்டார். வீட்டுக்கார அம்மாவுக்கு ரோசம் வந்துவிட்டது. நீலத் தண்ணீரைத் திருடி நாங்கள் என்ன செய்யப் போகிறோம் என்று அவர் கேட்க, நான்தான் எடுத்திருப்பேனோ என்று லாத்தா என் வாசலில் காய்கிற துணியைப் பார்க்க, நல்ல பேஜாராகிவிட்டது. நான் போய் வாளியைத் தூக்கி அடியைத் தடவினேன். ஓட்டை இல்லை. தரையில் ஒரு சொட்டு நீலம் கிடையாது. கொட்டவுமில்லை, ஒழுகவுமில்லை. அப்படியானால் எங்கே போயிற்று?

மறுநாள் காலையில் தண்ணீர் வந்ததும் என் முறை முதலில். புதுத் தண்ணீர் என்று வருகிற முதல் தண்ணீரைக் குடிக்கப் பிடிப்பதுதான் அந்த வீட்டு வழக்கம். யாரும் தொடாத தண்ணீராம். குழாய் சீறிக்கொண்டு கொஞ்சம் காற்று விட்டது, அப்புறம் தண்ணீர் விழுந்தது. குழாய் வாயில் கட்டியிருந்த வெள்ளைத் துணி என் கண்ணெதிரே நீலமாகியது. எவர்சில்வர் குடத்தைச் சாய்த்துப் பார்த்தேன். மெல்லிய நீலம். வேறு நாளாக இருந்தால் வானத்தின் நிழல் என்று விட்டிருப்பேன்.

நான் குடத்தை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டு மண்ணெண்ணெய் டின்தான் எனக்கு ஞாபகம் வந்தது. டின்னிலிருந்து பாட்டிலுக்கு எண்ணெய் இறக்க ரப்பர் டியூபின் ஒரு முனையை உள்ளே விட்டு மறுமுனையில் ஒரு தரம் உறிஞ்சிவிட்டால் போதும், தாழ்ந்த பக்கம் தானாக இறங்கிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வீடு செய்கிற வேலை. எங்கள் வீடு தெருவின் மேட்டில் இருந்தது. தண்ணீர் நின்றதும் பைப்பில் மிச்சமுள்ளது பள்ளத்து வீடுகளுக்கு இறங்கும். இறங்குகிற தண்ணீர் பின்னால் உள்ளதை இழுக்கும். வாசல் குழாயை இறுக்கி மூடியிருக்கிறோம். திறந்து கிடப்பது பாத்ரூம் குழாய் ஒன்றுதான். அதில் மாட்டிய டியூப் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கிறது. எல்லோரும் கையும் காலும் கழுவிய தொட்டித் தண்ணீரை அது தினமும் இரண்டு வேளை பைப்புக்குள் உறிஞ்சிக்கொண்டிருந்தது. அடுத்த வேளை தண்ணீர் வரும்போது அது வாசல் குழாய் வழியாக வெளியே தள்ளப்படும். நாங்கள் அதைப் புதுத் தண்ணீர் என்று துணி கட்டி வடித்துக் குடித்தோம். சுவருக்கு இந்தப் பக்கம் குடிக்க ஒன்று, குளிக்க ஒன்று என்று இரண்டு குழாய் வைத்துச் சண்டை போட்டுச் சுத்தம் காத்தோம். சுவருக்குள்ளே ஒரே பைப்பு.

 கோபம் கோபமாக வந்தது. நேரே போய் வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். அவர் துணியை அவிழ்த்துப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார், நகராட்சிக்காரர்கள் ஏதோ மருந்து கலந்திருப்பார்கள் என்றார். நான் மண்ணெண்ணெய் டின்னைச் சொன்னேன். எண்ணெய் இறங்கும், தண்ணீர் மேலேறிச் சுவருக்குள் போகுமா என்று சிரித்தார். டியூபை வெட்டிக் குட்டையாக்கிவிட்டால் முனை தண்ணீரைத் தொடாது என்றேன். அவ்வளவுதான். பாண்டிச்சேரி டியூபை வெட்டுவதா, வெட்டினால் அண்டாவுக்கு எப்படி எட்டும், என் வீட்டுச் சுத்தத்தைப் பற்றி நேற்று வந்தவள் எனக்குச் சொல்லித் தருவதா என்று ஏறிவிட்டார். பிடிக்காவிட்டால் வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

என் கணவரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், சண்டை என்றால் குடை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிற ஜாதி. ஆவணியில் குழந்தை விழுப்புரம் போகப் போகிறது, அதுவரை எதற்கு வம்பு, நாம் நம் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்போம் என்றார். குழந்தை போகாமல் இருக்கத்தான் இந்த வம்பு என்று சொன்னேன். அவருக்கு அது புரிய அன்று ராத்திரி சாப்பாடு வரை ஆயிற்று. புரிந்த பிறகும் மறுநாள் பேசாமல் மண்டிக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நானே காவல். தண்ணீர் நிற்கிற நேரம் பார்த்து டியூப் முனையைத் தூக்கிச் சுவர் ஆணியில் மாட்டுவேன். யாராவது வந்து மறுபடி தொட்டிக்குள் போடுவார்கள். மறுபடி தூக்கி மாட்டுவேன். வீட்டுக்கார அம்மா ஆணியைப் பிடுங்கிவிட்டார். நான் வேறு ஆணி அடித்தேன். லாத்தா மட்டும் என் பக்கம் வந்தார். அவர் வாளியில் குறைந்த நீலம் அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. தவிரவும், என் துணிமேல் சந்தேகப்பட்டதற்குச் சங்கடம்.

ஆவணி பிறந்தது. நாத்தனார் கூஜாவோடும் ஒரு தகரப் பெட்டியோடும் வந்தார். பெட்டி குழந்தையின் துணிமணிக்கு. நான் கவுன்களை மடித்து அதில் வைத்தேன்.  வைத்துவிட்டு, நாளைக்குக் காலை வரை இருந்துவிட்டுப் போங்கள் அண்ணி, ஒன்று காட்ட வேண்டும் என்றேன். அவர் சரி என்றார்.

அன்று சாயங்காலம் எல்லோரையும் பாத்ரூம் வாசலுக்குக் கூப்பிட்டேன். வீட்டுக்கார அம்மா வரவே மாட்டேன் என்றார். லாத்தா போய் என்ன சொன்னாரோ, முணுமுணுத்துக்கொண்டே வந்தார். லாத்தா கொடுத்த நீலத்தைத் தொட்டியில் கரைத்தேன். வழக்கம்போலக் குழாயைத் திறந்து வைத்து, டியூப் முனையை வழக்கம்போலத் தண்ணீருக்குள் விட்டேன். அப்புறம் அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னேன்.

"நீங்களே புதுத் துணி எடுத்தாந்து வாசக் குழாயில கட்டுங்கம்மா. காலையில நீங்களே தொறங்க. நான் கிட்டயே வரல."

அவர் வேண்டுமென்றே நன்றாக வெளுத்த துணியாகப் பார்த்துக் கொண்டுவந்து, முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டுக் கட்டினார். தண்ணீர் நிற்கிற நேரத்தில் லாத்தா தொட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். டியூபுக்குள் களக் களக்கென்று ஒரு சத்தம் கேட்டது. நாங்கள் எல்லோரும் கேட்டோம். வீட்டுக்கார அம்மா உள்ளே போய்விட்டார்.

விடிந்து தண்ணீர் வந்தபோது அவரே குழாயைத் திறந்தார். துணி நனைந்தது, நீலமானது. அவர் குழாயை மூடவில்லை. நீலம் போய்த் தண்ணீர் வெளுக்கிற வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துத் துணியைக் கையில் வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் யாரையும் பார்க்காமல் பேசினார்.

"அனந்தபுரத்துல குடுத்த எம் பொண்ணு, புள்ளைங்கள இட்டுக்கினு வந்தா ரெண்டு நாள் தங்கமாட்டா. உங்க ஊட்டுத் தண்ணி ஒத்துக்கலம்மான்னு அழுதுக்கினு போய்டுவா. இப்ப வர்றதே இல்ல. மாப்ள பேச்சக் கேட்டுக்கினு சாக்கு சொல்றான்னு நெனச்சிக்கினு இருந்தேன். இந்த டியூபாலதானா?"

  எனக்கு அதுவரை அந்த அம்மாமேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் என் பிள்ளையை இழக்கப் பார்த்த அதே வழியில் அவர் எப்போதோ தன் பெண்ணை இழந்துவிட்டிருந்தார். அவர் உள்ளே போய் அரிவாள்மனையை எடுத்து வந்தார். டியூபைப் பிடித்து, எவ்வளவு என்று என்னைக் கேட்டார். தொட்டி விளிம்புக்கு மேல் ஒரு சாண் நிற்கிற மாதிரி காட்டினேன். தரையிலும் படாது, தண்ணீரிலும் படாது. அவர் சட்டமும் நின்றது, என் சட்டமும் நின்றது. பாண்டிச்சேரி டியூப் கத்தரிக்காய் மாதிரி அறுபட்டு விழுந்தது. அண்டாவைச் சொம்பால் மொண்டு நிரப்பிக்கொள்ளலாம், கை தேய்ந்துவிடாது என்று அவரே சொன்னார்.

ஆனால் அதோடு என் காரியம் முடியவில்லை. டியூப் அறுந்தது சரி, குழந்தை தேறுவாள் என்பதற்கு என்ன நிச்சயம் என்று நாத்தனார் கேட்டார். கேட்டது தப்பில்லை.  பெட்டி மூடித் தயாராக இருந்தது, குழந்தை அவர் மடியில் இருந்தது. நான் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"பொங்கல் வரைக்கும் எங்கிட்ட வுடுங்க அண்ணி. ஒரே ஒரு தரம் அவளுக்கு வயிறு போனாலும், நானே தூக்கிக்கினு வந்து உங்க மடியில போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம போறேன்."

அவர் குழந்தையின் தலையைக் கோதிவிட்டு, அவளை என் மடிக்கு மாற்றினார். பெட்டியை வைத்துவிட்டு, கூஜாவோடு மட்டும் புறப்பட்டுப் போனார். அவர் முதுகைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் கூப்பிடவில்லை.

அந்த மழைக்காலம் முழுக்க நான் தண்ணீரோடுதான் குடித்தனம் நடத்தினேன். தொட்டியைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்துக் காயவிட்டோம். கைகால் கழுவ ஒரு தனி வாளி வைத்தோம். சொம்பைத் தொட்டிக்குள் முக்குவது நின்றது. காலையில் வருகிற முதல் தண்ணீரைக் குடத்தில் பிடிக்காமல் கொல்லையில் உள்ள வாழைக்கு விட்டோம். தண்ணீரை வீணாக்குகிறார்கள் என்று தெருவில் பேசினார்கள்; பேசட்டும் என்று விட்டோம். வீட்டுக்கார அம்மாவிடம் ஒரு சட்டத்தைக் கொடுத்துவிட்டால் போதும், அதை அவர் காப்பதுபோல் வேறு யாரும் காக்க முடியாது. வாளிக்கு எட்டவில்லையென்று யாரோ வேறொரு துண்டு டியூபைக் கொண்டுவந்து குட்டை டியூபோடு சேர்த்ததற்கு, அவர் போட்ட சத்தம் எதிர்வீடு வரை கேட்டது.

ஒவ்வொரு நாள் காலையும் குழந்தை எழுந்ததும் முதலில் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன். ஐப்பசி மழையில் ஒரு நாள் வயிறு வலிக்கிறது என்றாள்.  சொன்ன சொல்லுக்காக அவளைத் தூக்கிக்கொண்டு ரயிலேற வேண்டுமே என்று கவுனை எடுத்து வைத்துவிட்டேன். கடைசியில் பார்த்தால், லாத்தா வீட்டில் வறுத்த மல்லாட்டையை மடி நிறையத் தின்றிருக்கிறாள். மத்தியானத்துக்குள் சரியாகிவிட்டது. நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். பக்கத்தில் குட்டை டியூப் ஒரு சாண் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கார்த்திகை போயிற்று, மார்கழியும் போயிற்று. குழந்தைக்குக் கன்னம் வந்தது. அவள் இடுப்பில் உட்கார்ந்தால் எனக்கு இடுப்பு வலிக்கத் தொடங்கியது. அந்த வலிக்கு நான் மருந்து தேடவில்லை.

பொங்கலுக்கு வீட்டுக்கார அம்மா அனந்தபுரத்துக்குச் சீர் அனுப்பும்போதே, தானும் போய்ப் பெண்ணைக் கையோடு அழைத்து வந்துவிட்டார். பிள்ளைகள் தயங்கித் தயங்கித்தான் வாசலில் நின்றார்கள். காணும் பொங்கல் கழிந்தும் அவர்கள் கிளம்பவில்லை. அந்த அம்மா ஓம வாட்டர் பாட்டிலைத் தேடக்கூட இல்லை.

நாத்தனார் மாட்டுப் பொங்கலன்று வந்தார். கூஜா வழக்கம்போலக் கையில் இருந்தது. குழந்தை ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டு, அத்தை என்றாள். அவர் தூக்கிப் பார்த்தார். கண்ணை, நாக்கை, வயிற்றையெல்லாம் தொட்டுப் பார்த்தார். பாத்ரூமுக்குள் போய் டியூபையும் பார்த்துவிட்டு வந்தார். நான் தகரப் பெட்டியைத் துடைத்து எடுத்து வைத்திருந்தேன். உள்ளே துணி எதுவும் வைக்கவில்லை. இரண்டு நாள் இருந்தார். அதுவரை குழந்தைக்கும் அவருக்கும் கூஜாத் தண்ணீர்தான். 

ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில் அவர் கூஜாவோடு கொல்லைக்குப் போனார். மிச்சமிருந்த விழுப்புரத்துத் தண்ணீரை வாழை அடியில் ஊற்றினார். கடைசிச் சொட்டு வரை கவிழ்த்துவிட்டு வந்து, வாசல் குழாயடியில் நின்ற என்னிடம் கூஜாவை நீட்டினார்.

"இத ரொப்பிக் குடும்மா. வழியில குடிச்சிக்கினு போறேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். நான் கூஜாவை வாங்கி, குழாயைத் திறந்து, நிறையப் பிடித்துக் கொடுத்தேன்.